ஜூட் தொடாத முழங்கால்

கோல் கீப்பர்கள் காயத்தைப் பெரிதுபடுத்தி நடிக்கிறார்களா என்ற கேள்வி, தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டில் எழும். விவாதம் ஒன்றும் நடக்காது. எல்லோரும் மெல்லத் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நான் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் தொலைத்த எதையோ தேடிக்கொண்டிருப்பேன்.

ஆம், நடிக்கிறார்கள். எல்லோருமல்ல. நடிப்பவர்களும் ஏதோ ஒரு நியாயத்துக்காக நடிக்கிறார்கள்: நேரத்தை இழுக்க, எதிரணிக்கு அட்டை வாங்கிக் கொடுக்க. நான் நடித்ததற்கு அந்த அளவுக்குக்கூட மரியாதையான காரணம் கிடையாது. பந்து என் கையிலிருந்து நழுவிவிட்டது. நழுவியதை ஊரே பார்த்துவிட்டது. அவ்வளவுதான்.

அப்போது எனக்கு முப்பத்துநான்கு வயது. மன்னார்த் தீவில், எங்கள் கோயில் பங்கின் உதைபந்தாட்டக் கழகத்துக்கு நான்தான் கோல் கீப்பர். (திறமையால் அல்ல. ஓட முடியாதவர்களைக் கம்பத்துக்கு நடுவில் நிறுத்துவது எங்கள் கழகத்தின் கொள்கை.) பகலில் கந்தோரில் எழுதுவினைஞர், மாலையில் வாசகன், சனி ஞாயிறுகளில் விளையாட்டு வீரன். என் வயிறு எனக்கு அரைச் செக்கன் முன்னதாகவே மைதானத்துக்குள் நுழைந்துவிடும்.

அந்த வருடம் சுற்றுப்போட்டியின் அரையிறுதியில் எங்களுக்கு எதிராக வந்தது பாப்பாமோட்டை. அது என் மனைவி றீற்றாவின் ஊர். அவர்களுடைய முன்வரிசையில் ஆடியவன் அவளுடைய ஒரே தம்பி ஜூட். இருபத்திரண்டு வயது. விடிந்தால் வயல், பொழுதுபட்டால் பந்து. அவன் கால் வேகத்தை வருணிக்க எனக்கு முடியாது, நான் எப்போதும் அதன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு இறுதிப்போட்டிக்கு மாவட்ட அணித் தேர்வாளர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். யாரைப் பார்க்க வருகிறார்கள் என்பது இரண்டு ஊருக்கும் தெரியும்.

ஆட்டம் முடிய எட்டு நிமிடம். நாங்கள் ஒன்றுக்குப் பூச்சியம் முன்னால். ஜூட்டுக்கு முதல் பாதியிலேயே ஒரு மஞ்சள் அட்டை விழுந்திருந்தது, மத்தியஸ்தரோடு வாய் காட்டியதற்காக. இன்னொன்று வாங்கினால் சிவப்பு. சிவப்பு என்றால் அடுத்த ஆட்டமும் இல்லை.

மூலை உதை வந்தது. நான் எழும்பினேன். பந்து சரியாக என் இரண்டு கைக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. பிறகு, ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்தது போல எழுந்து, என் தோளைத் தாண்டிக் கோலுக்குள் போய்விட்டது.

என்னைச் சுற்றி ஒருவரும் இல்லை. கிட்ட நின்றவன் ஜூட் மட்டும். அவனுக்கும் எனக்கும் நடுவே ஒரு ஆட்டுக்குட்டி தாராளமாகப் படுத்திருக்கலாம்.

அந்த ஒரு கணத்தில் நான் பார்த்தது பந்தை அல்ல. எல்லைக்கோட்டில் நின்ற எங்கள் ஊர் முகங்களை. வாய் திறக்கப் போகும் முகங்கள். அவை திறப்பதற்கு முன் நான் திறந்தேன்.

“ஐயோ என்ர முழங்கால்!”

விழுந்தேன். நல்லாய் விழுந்தேன். உலக இலக்கியத்தில் எத்தனையோ மரணக் காட்சிகளை வாசித்து உருகியவன் நான். வாசிப்பு ஒருநாளும் வீண்போகாது என்று சொல்வார்களே, அன்று ஒன்றும் வீண்போகவில்லை. புரண்டேன். மண்ணைப் பிறாண்டினேன். ஒரு கட்டத்தில் அம்மாவைக் கூப்பிட்டேன். (அம்மா எல்லைக்கோட்டில்தான் நின்றா. “என்னடா?” என்று திருப்பிக் கேட்டது எனக்குக் கேட்டது.)

மத்தியஸ்தர் விசில் ஊதினார். கோல் இல்லை என்றார். ஜூட்டை நோக்கி மஞ்சள் அட்டையைத் தூக்கினார், பிறகு சிவப்பை.

“சேர், நான் தொடேல்ல!” என்றான் ஜூட். “சத்தியமாத் தொடேல்ல சேர்.”

நான் இன்னும் பெலமாகக் கத்தினேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். கத்தலைக் கேட்டான். பிறகு தன் காலைக் குனிந்து பார்த்தான். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் விளக்க முடியும், விளக்கத்தான் விருப்பமில்லை. அது சந்தேகம். என் மேல் அல்ல, தன் காலின் மேல்.

“அத்தான், பட்டிட்டுதோ? தெரியாமப் பட்டிருக்குமோ?” என்று கேட்டபடி எனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு மைதானத்தை விட்டு வெளியே போனான்.

அந்த இடத்தில் எழும்பி, நொண்டி நொண்டி விளையாடலாம் என்பதுதான் என் திட்டம். ஆனால் நடிப்பு அளவுக்கு மிஞ்சிவிட்டது. என் சொந்த அணியே நம்பிவிட்டது. விருந்தினர்கள் இருந்த நீள மரவாங்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள் (விருந்தினர்கள் எழும்பி நிற்கவேண்டியதாயிற்று), என்னை அதில் கிடத்தினார்கள்.

“இல்லையடா, நான் விளையாடுவன்...”

“அலட்டாமப் படுங்கோ அண்ணை. கால் போயிட்டுது.”

எனக்குப் பதிலாகக் கபிரியேல் இறங்கினான். மீனுக்கு ஐஸ் போடும் வாடியில் வேலை செய்பவன். கட்டி ஐஸைப் பிடிக்கத் தெரியும், பந்து பிடிப்பது அவனுக்குப் புதிது. மிச்ச எட்டு நிமிடத்தில், பத்துப் பேரோடு ஆடிய பாப்பாமோட்டை இரண்டு கோல் அடித்தது. நான் வாங்கில் படுத்துக் கிடந்து, வானத்தைப் பார்த்தபடி, இரண்டு தடவை ஆரவாரத்தை எண்ணினேன்.

ஆக, நாங்கள் தோற்றோம். பாப்பாமோட்டை இறுதிப்போட்டிக்குப் போனது. ஜூட் இல்லாமல்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். எலும்பில் ஒன்றுமில்லை என்றார் டொக்டர். “உள்ளுக்கு நோகுது டொக்டர்” என்றேன். அது ஒன்றுதான் அன்று நான் சொன்ன உண்மை. காலுக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் றீற்றாவின் தாயான மாமியும் ஜூட்டும் வந்தார்கள். ஜூட்டின் கையில் காலைக் கட்டிய ஊர்க்கோழி ஒன்று. என்னுடைய சூப்புக்கு. அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அறையில் என்னைச் சரியாக மதிப்பிட்ட முதல் ஜீவன் அதுதான் என்று நினைக்கிறேன்.

மாமி கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டா. “தம்பி, எழும்பாதேங்கோ. நேற்றே மடு மாதாவுக்கு நேர்ந்திட்டன். உங்கட கால் சுகம் வந்தா நீங்கள் நடந்தே மடுவுக்கு வருவியள் எண்டு.”

“நடந்தோ மாமி?” (மடுக் கோயில் பெருநிலத்துக் காட்டுக்குள், ஒரு நாளில் நடந்து தீராத தூரத்தில் இருக்கிறது.)

“ஓம். கால் தந்தவவுக்குக் காலாலதானே காட்டவேணும்?”

“நானும் வாறன் அத்தான்,” என்றான் ஜூட், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. “என்னாலதானே.”

றீற்றா கோழியை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். அன்று காலை கட்டை மாற்றியபோது என் முழங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தாள். வீக்கம் இல்லை, கண்டல் இல்லை. பிறகு புதுக் கட்டைச் சுற்றி முடிச்சை இறுக்கினாள்.

இதுவரைக்கும் நடந்ததைச் சொல்லிச் சிரிக்கலாம். வியாழக்கிழமை நடந்ததைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது.

வியாழக்கிழமை பின்னேரம் சுற்றுப்போட்டிக் குழுவின் செயலாளரும் பாப்பாமோட்டையின் பயிற்றுநரும் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு கடிதம். நான்கே வரி. ஜூட் தாக்கவில்லை, நடந்தது தற்செயல், அட்டையை நீக்குவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

“மத்தியஸ்தரோட கதைச்சிட்டம்,” என்றார் செயலாளர். “கீப்பர் எழுதித் தந்தா அட்டையை எடுக்கலாம் எண்டு சொன்னவர். பெடியன் ஞாயிற்றுக்கிழமை விளையாடலாம்.”

“பொய் சொல்லச் சொல்லேல்ல,” என்றார் பயிற்றுநர். “தற்செயல் எண்டாக் காணும்.”

பாருங்கள், நான் நடித்தேன் என்று ஒத்துக்கொள்ளும்படி யாரும் கேட்கவில்லை. என் மானத்துக்கு ஒரு கீறலும் விழாமல் தப்பிக்க வழி போட்டு, வீட்டுக்கே கொண்டு வந்து தந்தார்கள். றீற்றா பேனையின் மூடியைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

நான் என்ன யோசித்தேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ‘தற்செயல்’ என்று எழுதினால் எங்கள் கழகத்துப் பெடியன்கள் கேட்பார்கள். கேட்டால் அந்தப் பந்தைப் பற்றிய கதை வரும். நான்கு நாளாக ஒருவரும் பந்தைப் பற்றிக் கதைக்கவில்லை, என் காலைப் பற்றியே கதைத்தார்கள். அந்த நிலைமை எனக்குப் பிடித்திருந்தது.

“எனக்கு ஒண்டும் சரியா ஞாபகம் இல்லை,” என்றேன். “நோவில... ஞாபகம் இல்லாததை எப்பிடி எழுதிறது? மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்குதுதானே.”

(ஓம். அந்தச் சொல்லைத்தான் பாவித்தேன்.)

அவர்கள் போனார்கள். றீற்றா என் கையிலிருந்த பேனையை எடுத்து, மூடியைப் போட்டு, அலுமாரியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை என்னை ஓட்டோவில் ஏற்றி இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனார்கள். இருக்க ஒரு கதிரை, காலை நீட்ட இன்னொரு கதிரை. ஜூட் என் பக்கத்தில், வெள்ளை சேட்டுடன். பாப்பாமோட்டை தோற்றது. தேர்வாளர்கள் கொப்பியில் இரண்டு பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். ஜூட் எனக்கு வெயில் படாமல் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு மாதம் கழித்து மடுவுக்கு நடந்தோம். மாமி செபமாலையோடு முன்னால், பின்னால் நான், எனக்குப் பின்னால் என் பையையும் தன் பையையும் சுமந்துகொண்டு ஜூட். எனக்கோ ஒரு சிக்கல். நொண்டினால் மாதா அரைகுறையாகத்தான் சுகம் தந்தா என்று ஆகிவிடும். நொண்டாமல் நடந்தால் சுகம் சந்தேகத்துக்கிடமாகிவிடும். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியைக் கடக்கும்வரை நொண்டுவது, உயிலங்குளத்தில் மெல்ல விடுவது என்று படிப்படியாகத் திட்டமிட்டிருந்தேன். உயிலங்குளம் வருவதற்கு முன்பே புதுச் செருப்புக் கடித்து இரண்டு குதியிலும் கொப்புளம். மெய்யாகவே நொண்டினேன். அப்போது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முருங்கனில் ஒரு மரநிழலில் இருந்தோம்; மாமி தள்ளி இன்னொரு மரத்தடியில் கண்ணயர்ந்திருந்தா. ஜூட் என் செருப்பைக் கழற்றி, போத்தல் தண்ணீரால் என் காலைக் கழுவத் தொடங்கினான். கோயிலில் பெரிய வியாழனன்று பங்குச் சுவாமியார் ஊரார் காலைக் கழுவுவது போல. நான் அதைப் பொறுக்க முடியாதவனாக இருந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் முதல் காலைக் கழுவும்வரை பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாவது காலை எடுத்தபோதுதான் வாய் திறந்தது.

“ஜூட், நீ அண்டைக்கு என்னைத் தொடேல்ல.”

“என்ன அத்தான்?”

“பந்தை நான் விட்டிட்டன். வெக்கத்தில விழுந்தனான். நீ கிட்டவும் வரேல்ல.”

அவன் என் காலைக் கையில் வைத்தபடியே இருந்தான். “தொடவே இல்லையோ?”

“இல்லை.”

“நான் அதுக்குப் பிறகு ஒருத்தனுக்கும் கிட்டப் போய் விளையாடேல்ல அத்தான். பட்டிடும் எண்டு பயம். என்ர காலை நானே நம்பேல்ல.” குதியில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்தான். “வியாழக்கிழமையும் ஞாபகம் இருந்ததோ?”

“இருந்தது.”

அவன் என் காலை மெதுவாக நிலத்தில் வைத்தான். (எறிந்திருக்கலாம்.) போத்தலை மூடினான். என் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். பிறகு நடக்கத் தொடங்கினான். மடு வரைக்கும் திரும்பவில்லை. வழக்கம்போல அவன் முதுகைத்தான் பார்த்தேன்.

மடுவில் மாமியிடமும் சொன்னேன். அவ என்னைப் பேசவில்லை. மாதாவின் சுரூபத்தைப் பார்த்துத்தான் பேசினா: “தாயே, இல்லாத நோவைச் சுகமாக்கச் சொல்லி உம்மைக் கரைச்சல்படுத்திப்போட்டன். எங்கட மருமோன் இப்பிடி எண்டு எனக்குத் தெரியாது.”

ஊருக்குத் திரும்பியதும் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். செயலாளர் வாசித்துவிட்டு, “இனி இதை வைச்சு என்ன செய்யிறது?” என்று கேட்டார். ஜூட் மாவட்டத்துக்கு ஆடவே இல்லை. அடுத்த வருடத் தேர்வுக்கு முன் மழையும் வெள்ளாமையும் குறுக்கிட்டன, அதற்கடுத்த வருடம் கல்யாணம். என்னோடு திரும்பக் கதைக்க அவனுக்கு இரண்டு திருநாள் எடுத்தது.

இப்போது அவன் பாப்பாமோட்டைப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறான். அந்த மைதானத்தில் என் பெயர் ஒரு வினைச்சொல். யாராவது காரணமில்லாமல் விழுந்து புரண்டால், எல்லைக்கோட்டிலிருந்து சத்தம் வரும்: “டேய், சேவியர் அடிக்காதை! எழும்படா!” என்னைக் கண்டிராத பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

போன வருடம் என் மகள் தன் பள்ளிக்கூடத்துப் பெண்கள் அணிக்குக் கோல் கீப்பராக அங்கே ஆடினாள். பந்தைப் பாய்ந்து பிடித்தவள், கம்பத்தில் தோள் அடிபட்டு விழுந்தாள். எழும்பவில்லை.

“சேவியர் அடிக்காதை பிள்ளை!” என்று கூட்டம் கத்தியது. சிரிப்பு. மத்தியஸ்தரும் சிரித்துக்கொண்டு, எழும்பும்படி கையால் காட்டினார். எனக்கு அவள் முகம் தெரிந்தது. இது நோவு என்று கத்த வாயைத் திறந்தேன். நான் சொன்னால் யார் நம்புவார்கள் என்று நினைத்தேன். மூடிக்கொண்டேன்.

எதிரணியின் பக்கத்திலிருந்து ஜூட் மைதானத்துக்குள் ஓடினான். மத்தியஸ்தர் தடுக்கக் கை நீட்டினார்.

“சேர், விளையாட்டை நிப்பாட்டுங்கோ,” என்றான் அவன், மருமகளைத் தூக்கியபடி. “இவளுக்கு மெய்யாத்தான் நோகுது. இவள் தாயைக் கொண்டு பிறந்தவள்.”