கூலிங் கிளாஸ் மாட்டி அனுப்பியவன் எழுதுவது

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆறு மாதப் பேத்தியை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் நலமா என்று எந்த வாயால் கேட்பேன்? போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். நியாயம்தான்.

கல்யாணம் பேசி முடித்த கையோடு உங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தோமே, அன்று காலையிலேயே என் மகனுக்குக் கண் சிவந்து, மூக்கு ஒழுகி, ஒரே இருமல். "இன்னைக்கு வேண்டாம்ப்பா, உடம்பு சுடுது" என்றான். "கல்யாணப் பயம்டா" என்று சொல்லி, சிவப்பு தெரியாமலிருக்கக் கடையிலிருந்து கூலிங் கிளாஸ் எடுத்து மாட்டிவிட்டேன். கண்ணைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன் நான்! அங்கே உங்கள் மூத்த பெண்ணின் குழந்தை அந்தக் கண்ணாடியைப் பிடித்து இழுக்க, இவன் தூக்கிக் கொஞ்ச, நாம் எல்லாரும் கைதட்டிச் சிரித்தோம். இரண்டு நாள் கழித்து இவன் முகமெல்லாம் சிவப்புத் தடிப்பு. புதுச் சட்டைத் துணி ஒத்துக்கொள்ளவில்லை என்று தையல்காரரிடம் சண்டைக்குப் போனேன். "சட்டையை மூஞ்சியிலயா சார் போட்டுவிட்டீங்க?" என்று கேட்டுத் துரத்திவிட்டார். டாக்டரம்மா பார்த்ததுமே தட்டம்மை என்றார். "சின்ன வயசுல ஊசி போட்டீங்களா?" நான் மனைவியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க கூட்டிட்டுப் போனீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றாள். நானும் அவளைத்தான் அப்படி நினைத்திருந்தேன், இருபத்தேழு வருஷமாக. ஊசி போடும் வயதே வராத குழந்தைக்குச் சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்ட ஊசிதான் காவலாம். அந்தக் காவலில் ஓட்டை விட்டோம். அதன் வழியே நோய் உங்கள் பேத்தியின் நுரையீரல்வரை போய்விட்டது.

மகன் தேறிவிட்டான். ஆனால் "நான் தூக்கினதாலதானேப்பா?" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிடாமல் கிடக்கிறான். எங்களுக்கு இனி உங்கள் வீட்டில் பெண்ணெடுக்க முகமில்லை. கல்யாணத்தை நாங்களே நிறுத்திக்கொள்கிறோம். குழந்தை நூறு வயது நன்றாக இருக்கட்டும். உங்கள் சின்னவளுக்கு நல்ல இடம் அமையட்டும்.

இப்படிக்கு,
சம்பந்தி என்று கையெழுத்துப் போடும் தகுதியை இழந்தவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் சின்னவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கு வந்து நிற்கிறாள். கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "கல்யாணத்தை நிறுத்த நீங்க யாரு மாமா? நானும் அவரும்ல பண்ணிக்கப்போறோம்!" என்று ஒரு போடு போட்டாள். குழந்தைக்கு வைத்திருந்த ஆக்சிஜன் குழாயை எடுத்தாயிற்றாம், இன்று பால் குடித்தாளாம். ஆகவே மேலே எழுதியதில் மன்னிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். கடிதத்தை நானே கையில் எடுத்து வருகிறேன். வார்டு வாசலில் என்னைக் கண்டதும் திட்டுங்கள் சம்பந்தி, வாய் வலிக்கும்வரை திட்டுங்கள். திரும்பிப் போ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.