சிவக்கிற வரைக்கும்

தக்காளியில் கோடு போட்ட ரகமும் உண்டு என்று தெரிந்த நிமிடமே எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. உடம்பெல்லாம் கோடு! யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு காயாகத் தூரிகை பிடித்த மாதிரி. இதை என் மொட்டை மாடியில் விளைவிக்காமல் ஓய மாட்டேன் என்று கண்ணாடி முன்னால் நின்று சபதம் செய்தேன். மெதுவாகத்தான் செய்தேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. ஆனாலும் சமையலறையிலிருந்து பதில் வந்தது.

"முதல்ல ஷேவிங்கை முடிங்க. மூஞ்சியில நுரை காயுது."

அதுதான் என் மனைவி. பிசியோதெரபிஸ்ட். கழுத்துப் பிடித்தவர்களும் இடுப்புப் பிடித்தவர்களும் அவளிடம் வருவார்கள். எங்கே வலி என்று அவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவள் விரல் சரியாக அங்கே போய் நிற்கும். நான் பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிறவன். சிவப்பில் எத்தனை சிவப்பு உண்டு என்று என்னிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கொட்டாவி விடும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இரண்டு பேரும் நாற்றுப் பண்ணைக்குப் போனோம். பண்ணைக்காரர் கோடு போட்ட ரகத்தின் நாற்றுகளை எடுத்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"சார், இது மத்த தக்காளி மாதிரி கிடையாது. இது பழுத்தா..."

"பழுத்தா எப்படி இருக்கும்னு எனக்கே சொல்றீங்களா? நான் கலர்லயே பொழைக்கிறவன், அண்ணே!"

"அதுக்கில்ல சார்..."

"தொட்டியைத் தூக்குங்கண்ணே, வெயில் ஏறுது!"

நான் தொட்டிகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி அவரிடம் நின்று பேசிக்கொண்டிருந்தாள். வரும்போது சிரித்துக்கொண்டே வந்தாள். நாற்றைப் பார்த்து மயங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாடிக்கு வந்ததும் சிக்கல். வெயில் விழும் பக்கம் முழுக்க அவளுடைய துணிக்கொடி. அதில் கிளினிக்கின் துண்டுகள் தோரணம் மாதிரித் தொங்கின. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு துண்டு. உலகத்தில் இத்தனை கழுத்துகள் பிடித்துக்கொள்கின்றனவா என்று திகைப்பாக இருக்கும்.

"கொடியை அந்தப் பக்கம் மாத்திடலாம்மா," என்றேன்.

"அந்தப் பக்கம் நிழலுங்க. துண்டு காயணும்னா திருப்பித் திருப்பிப் போடணும். யாரு போடுறது?"

"நான் போடுறேன்!"

"துவைச்சதை மேல தூக்கிட்டு வரணும்."

"தூக்குறேன்!"

"காஞ்சதை எடுத்து மடிக்கணும். மூலைக்கு மூலை சரியா இருக்கணும்."

"ஸ்கேல் வெச்சு மடிக்கிறேன்!"

"எது வரைக்கும்?"

என் நெஞ்சு நிமிர்ந்தது. "முதல் பழம் சிவக்கிற வரைக்கும்! அதுக்கப்புறம் வெயில் பக்கம் எனக்கு, துண்டு வேலை உனக்கு. நிரந்தரமா!"

"இன்னொரு தடவை சொல்லுங்க. டாக்டர் காதுலயும் விழட்டும்."

டாக்டர் என்றால் பக்கத்து மாடியின் பல் டாக்டர். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கைப்பிடிச் சுவர்தான். இன்னொரு தடவை சொன்னேன்.

"விழுந்துச்சும்மா," என்றார் அவர், தம் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி. "சிவக்கிற வரைக்கும். நான் சாட்சி."

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். கொஞ்ச நாள் சிரமம், வாழ்நாள் முழுக்க வெயில்! இவ்வளவு புத்திசாலியான பெண், இதில் எப்படி ஏமாந்தாள் என்று பாவமாகக்கூட இருந்தது.

செடிகள் வளர்ந்தன. பூத்தன. காய்த்தன. ஒருநாள் காலை ஈரத் துண்டுகளோடு படியேறி வந்து பார்க்கிறேன், கோடு! இளம்பச்சையில் கரும்பச்சைக் கோடு! வாளியைப் போட்டுவிட்டுக் குதித்தேன்.

"கோடு விழுந்துடுச்சு! கோடு விழுந்துடுச்சு!"

"துண்டும் விழுந்துடுச்சு," என்று கீழேயிருந்து குரல் வந்தது. "திரும்பத் துவைங்க."

கடையிலிருந்து ஷேட் கார்டு ஒன்றை எடுத்து வந்தேன். வாடிக்கையாளர்கள் சுவருக்கு நிறம் தேடுவதற்கான அந்த அட்டையில் சிவப்புப் பக்கத்தைப் பிரித்துக் காலையும் மாலையும் ஒவ்வொரு காய்க்கும் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன். சிவப்பு வரவில்லை. ஒரு வாரத்தில் கோடுகளுக்கு நடுவே லேசாக மஞ்சள்தான் வந்தது. கைப்பிடிச் சுவருக்கு ஓடினேன்.

"டாக்டர்! என் தக்காளிக்கு மஞ்சள் காமாலை!"

"நான் பல் டாக்டர், தம்பி," என்றார் அவர்.

அதோடு போகவில்லை. மஞ்சள் படிந்த காய்களெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன! அணில் என்றால் கடித்துப் போட்ட மிச்சமாவது கிடக்கும். இங்கே காம்பைக்கூடச் சுத்தமாகக் கிள்ளியிருந்தார்கள்.

"நான் கடைக்குப் போற நேரத்துல நீ கொஞ்சம் காவல் பாரும்மா," என்று மனைவியிடம் கெஞ்சினேன்.

"அதை என்கிட்ட விட்டுடுங்க. ஒரு காய்கூட வீணாப் போகாது."

என்ன இருந்தாலும் மனைவி மனைவிதான் என்று கண் கலங்கினேன். அன்று சாப்பாட்டு மேஜையில் சூப்பு வந்தது. ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"என்னம்மா இது? பச்சையா இருக்கு, ஆனா தக்காளி வாசம் தூக்குது!"

"எந்நேரமும் தக்காளி, தக்காளின்னா வேற என்ன வாசம் வரும்? குடிங்க."

நியாயமாகப் பட்டது. இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் கடை விடுமுறை. துண்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பார்த்தால், பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்து எதையோ கடித்துக்கொண்டிருக்கிறார். கையில் பச்சை. பச்சையில் கோடு. தாடையில் சாறு!

வாழ்க்கையில் முதல் முறையாகக் கத்தினேன். "டாக்டர்! திருடின பொருளை என் கண்ணு முன்னாடியே சாப்பிடுறீங்களே!"

"திருடினதா? உங்க வீட்டம்மா கிண்ணத்துல போட்டுக் குடுத்ததுப்பா! என்ன பழம், என்ன பழம்! தேன்!"

"பழமா? அது காய்!"

"பழம்தாங்க," என்று என் பின்னால் குரல் கேட்டது.

என் மனைவி செடியிடம் போனாள். மஞ்சள் ஓடிய ஒன்றைப் பெருவிரலால் இலேசாக அழுத்தினாள். முட்டியில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கும் அதே அழுத்து. கிள்ளி என் வாயில் வைத்தாள். கடித்தேன். இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு தொண்டைக்குள் இறங்கின. முந்தின நாள் சூப்பு என் நாக்கில் எழுந்து நின்று வணக்கம் சொன்னது.

"இந்த ரகம் பழுத்தாலும் பச்சைதானாம். அமுக்கினா மெத்துன்னு இருக்கணும், நடுவுல மஞ்சள் தெரியணும், அவ்வளவுதான். பண்ணைக்காரர் உங்ககிட்டத்தான் முதல்ல சொல்ல வந்தார்."

"அப்போ... சிவக்காதா?"

"சிவக்கவே சிவக்காது."

"அப்போ துண்டு?"

"சிவக்கிற வரைக்கும்," என்றார் டாக்டர், தாடையைத் துடைத்தபடி. "நான் சாட்சி."

நானா விடுவேன்? உடம்பெல்லாம் மறுபடி பரபரத்தது. "சிவப்புல மஞ்சள் கோடு போட்ட ரகமும் இருக்காம்! நாளைக்கே வாங்குறேன்! அது சிவக்குமில்ல?"

"சிவக்கும். ஆனா வைக்க இடம் ஏதுங்க? கிளினிக்குக்கு வர்றவங்க எல்லாம் இந்தப் பச்சையைத்தான் கேக்கிறாங்க. வெயில் பக்கம் மிச்சம் இருக்கிற இடத்துக்கெல்லாம் இதே நாத்தைச் சொல்லி வெச்சுட்டேன். சாயந்தரம் வந்துடும்."

எனக்கு முகமெல்லாம் சூடாகியது. அவள் என் சட்டைப் பையிலிருந்த ஷேட் கார்டை உருவினாள். சிவப்புப் பக்கத்தைப் பிரித்தாள். என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து நிதானமாக மேலிருந்து கீழே தேடினாள்.

"டாக்டர், கெடைச்சிடுச்சு! அப்படியே பொருந்துது!"

"அப்போ சிவந்தாச்சுல்ல?" என்றேன் ஆவலாக.

"ஆனா நீங்க இன்னும் பழுக்கலீங்களே," என்று வாளியை என் கையில் கொடுத்தாள்.