ஸ்பீக்கரில் போன என் கவுன்சிலிங்

எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஆனால் மனைவி தொலைபேசியை எடுக்காவிட்டால் ஐந்து வயதுதான். ஒருமுறை வனிதா நுகேகொடைக் கடையொன்றில் சேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வரவில்லை. கடைக்கே அழைப்பெடுத்து, அவள் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட வைத்தேன். (தொலைந்துபோன பிள்ளைகளுக்குத்தான் அப்படிக் கூப்பிடுவார்களாம்.)

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "ஒண்டில் நீங்கள் ஒரு கவுன்சிலரோட கதையுங்கோ. இல்லாட்டி நான் லோயரோட கதைக்கிறன்."

காரணம் எனக்குத் தெரியும். ஐந்து வயதில் ஒரு காலை எழும்பிப் பார்த்தால் அம்மா இல்லை. வேலைக்காகக் குவைத்துக்குப் போய்விட்டார். கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டில் வளர்ந்தேன். சில வருடங்களில் அம்மா திரும்பி வந்தார். அதைப் பற்றி இருவரும் கதைத்ததே இல்லை. தலை நரைத்த பிறகு இதையெல்லாம் கதைத்துச் சரிப்படுத்த முடியுமா என்று எனக்குப் பெரிய சந்தேகம்.

ஆனாலும் ஒரு ஞாயிறு மாலை, வெள்ளவத்தை பிளாட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் முதல் அமர்வைத் தொடங்கினேன். வீடியோ வேண்டாம் என்றுவிட்டேன். (அழுதால் என் மூக்கு பீட்ரூட்.) ஹோலில் அம்மாவும், வத்தளையிலிருந்து வந்திருந்த மாமா, மாமியும் (வனிதாவைப் பெற்றவர்கள்) தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நான் சொன்னது, ஒஃபிஸ் கோல்.

நன்றாகத்தான் போனது. நான் சொல்வதைக் கவுன்சிலர் மென்மையாகத் திருப்பிச் சொல்லிக் கேட்பார். திடீரென்று அவர் குரல் நின்றது. மௌனமும் ஒரு சிகிச்சை முறை என்று எங்கோ வாசித்திருந்தேன். கெட்டிக்காரி என்று நினைத்து, மனம் விட்டு அழுதேன்.

ஹோலில் நடந்ததோ வேறு. சம்பந்திகள் முருகன் பாட்டுக் கேட்கவென்று அம்மா புளூடூத் ஸ்பீக்கரைப் போட்டிருக்கிறார். அது போய் என் போனைப் பிடித்துக்கொண்டது. முருகனுக்குப் பதில் கவுன்சிலர் வந்தார்:

"அப்ப, அம்மா சொல்லாம விட்டிட்டுப் போனதுதான் இன்னும் நோகுதா? அதாலதான் மனைவி குளிக்கப் போனாலும் கதவடியில நிக்கிறீங்க, என்ன?"

மாமாவின் கையிலிருந்த ரோல்ஸ் வாய்க்குப் போகாமல் நின்றதாம்.

அந்த ஸ்பீக்கரில் மைக்கும் இருந்தது. "ஆர் கதைக்கிறது?" என்று அம்மா கேட்க, "நீங்க ஆர்?" என்றார் கவுன்சிலர், பயந்துபோய்.

என்னதான் சிகிச்சை என்றாலும் இவ்வளவு மௌனமா என்று நான் கதவைத் திறந்தது அப்போதுதான். அம்மா ஸ்பீக்கரை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

"நான்தான், பிள்ளை. விட்டிட்டுப் போன அம்மா."

ஓடலாம் என்றால் வாசலடியில் மாமி உட்கார்ந்திருந்தார்.

"சொன்னா அழுவான், சொல்லாமப் போ எண்டு எல்லாரும் சொல்லிச்சினம்," அம்மா என்னைக் காணாமல் ஸ்பீக்கருக்கே சொல்லிக்கொண்டிருந்தார். "நித்திரையில கிடந்தவன். காலைத்தான் தடவிப்போட்டுப் போனனான். முகத்தைத் தொட்டா எழும்பிடுவானெண்டு பயம்."

கவுன்சிலர் சொன்னார்: "இதை எனக்கில்லை அம்மா, மகனுக்குச் சொல்லுங்கோ." கோல் நின்றது.

அம்மா திரும்பினார். பீட்ரூட் மூக்கோடு நான் நின்றேன்.

"எழுப்பியிருக்கலாமே அம்மா."

"ஓம் ராசா. எழுப்பியிருக்கோணும்."

மாமி விசும்பினார். மாமா ரோல்ஸைக் காட்டி, "உறைப்புக் கூடிப்போச்சு" என்று கண்ணைத் துடைத்தார்.

அதன்பின் பல மாதங்கள் கவுன்சிலரிடம் நேரிலேயே போனேன். முழுக்கச் சுகமா என்றால், இல்லை. வனிதா போனை எடுக்காவிட்டால் இன்னும் நெஞ்சு அடிக்கிறது. ஆனால் அடிப்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்று தெரிகிறது. அவனோடு கதைத்துக்கொண்டு பொறுத்திருக்க முடிகிறது. அம்மாவும் இப்போதெல்லாம் கீழ்க் கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் என் அறைக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

மாமாதான் விடுவதாக இல்லை. வத்தளைக்குத் திரும்பும்போதெல்லாம் லிஃப்ட் கதவைக் காலால் மறித்துக்கொண்டு, மாடி முழுக்கக் கேட்கக் கத்துவார்:

"மருமகன், நாங்கள் வெளிக்கிடுறம்! விட்டிட்டுப் போகேல்லை, போயிட்டு வாறம்!"