மூக்கு சாரும் பேரளி வரைக்கும் ஒரு புகையும்

இந்தப் பூமியில் காற்றைக்கூட விசாரிக்காமல் உள்ளே விடாத ஒரே மனிதர் எங்கள் மூக்கு சார்தான். பெரம்பலூரில் யார் வீட்டிலாவது தோசை கருகினால் அரியலூரில் நின்றுகொண்டு மூக்கைச் சொறிவார் என்பார்கள். நான் நம்புகிறேன். ஒரு கல்யாண மண்டபத்தில் வாசலில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தவர், "ரசம் அடிப்பிடிச்சுட்டுதே" என்றாராம். சமையல்காரர் ஓடிப் போய்ப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்ததாம்.

நான் ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் கருவிகள் பிரிவில் இருக்கிறேன். கிளிங்கர், ஜிப்சம் என்று எல்லாத் தூசியையும் பார்த்தவன் என்கிற கர்வம் எனக்கு உண்டு. எங்கள் கம்ப்யூட்டர் அறையின் கூரையில் சிவப்புக் குழாய் ஒன்று ஓடும். அதில் ஊசிமுனை அளவில் ஓட்டைகள். குழாயின் கடைசியில் சுவரில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் இருக்கும் காற்றாடி அறைக் காற்றை உறிஞ்சி இழுத்து, அதில் புகை இருக்கிறதா என்று பார்க்கும். நம் மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே மணி அடித்துவிடும். அதைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக்தான் மூக்கு சார்.

அந்த மணி பத்து நாளாகத் தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அடித்தது. நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. அந்த நேரத்தில் என்னை விட்டால் அறைக்குள் போகிறவர் ஏ.சி. கழுவும் கலியபெருமாள் மட்டும்தான். காண்ட்ராக்ட் ஆள். ஒரு காலத்தில் பீடி இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. நான் யோசிக்கவே இல்லை. "பீடிப் புகையாக இருக்கலாம்" என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். சாயந்திரத்துக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் கலியபெருமாளின் கேட் பாஸ் ரத்து என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"கல்லங்குறிச்சி பெருமாளுக்கு வேண்டிக்கிட்டு பீடிய வுட்டு ரெண்டு வருசம் ஆவுது சார்" என்றார் கலியபெருமாள்.

மூக்கு சார் வந்தார். வந்த உடனே மேனேஜரை ஒரு முறை முகர்ந்தார். "சார், நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. உங்க சென்ட்டு என் வேலையக் கெடுக்குது." எங்களையெல்லாம் நடுநடுங்க வைக்கிற மனுஷர், கண்ணாடிக் கதவுக்கு வெளியே கலியபெருமாளுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

மூக்கு சார் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்வதில்லை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லித்தான் நேரம் பார்ப்பார். ஏணியில் ஏறி, கடைசி ஓட்டைக்குக் கீழே ஊதுபத்தியைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, "பெரம்பலூர்... கவுல்பாளையம்..." என்று ஒரே வேகத்தில் இழுத்தார். பேரளி என்று சொல்லி முடிக்கவும் பெட்டி மணி அடித்தது.

"குழாயும் நல்லாருக்கு, மெஷினும் நல்லாருக்கு. சித்தளி தாண்டியிருந்தா அடைப்பு" என்று இறங்கினார்.

பிறகு பெட்டியைத் திறந்து வடிகட்டியை எடுத்தார். அதில் சாம்பல் நிறத் தூசி அப்பியிருந்தது. விரலில் தேய்த்தார், முகர்ந்தார், நாக்கிலும் கொஞ்சம் வைத்துக்கொண்டார். மூடிய ஏ.சி. அறைக்குள் இவ்வளவு தூசி எப்படி வரும், குழாய்க்குள் யாராவது ஊதினீர்களா என்று கேட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான்தான் என்றேன். சிமென்ட் ஆலைக்காரன் எதையும் துடைக்க மாட்டான், ஏர் ஹோஸால் அடிப்பான். சட்டை, தலைமுடி, சாப்பாட்டுக் கூடை எல்லாம் அடிப்போம். பத்து நாளாகச் சாப்பிட்டு வந்ததும் வராந்தாவில் இருந்து ஹோஸை இழுத்து, குழாய் ஓட்டைகளில் ஒரு அடி அடித்துவிட்டுத்தான் ஹோஸ் பிடித்த கையைக் கழுவப் போவேன், அடைப்பு வரக்கூடாது பாருங்கள் என்று விளக்கினேன். சபாஷ் என்று சொல்வார் என்றே காத்திருந்தேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அதே மாதிரி இப்ப அடிங்க சார்."

அடித்துவிட்டு இறங்கினேன். அவர் பெரம்பலூரில் ஆரம்பித்தார். பேரளி வந்தது, சித்தளி வந்தது, அரியலூரே வந்துவிட்டது. மணி அடிக்கவில்லை. எனக்கு உயிர் வந்தது. ஆனால் மனுஷர் விடவில்லை. வாயாலேயே திரும்புகிற பஸ்ஸில் ஏறினார். மறுபடி சித்தளி வரும்போது மணி அலறியது. தினமும் அந்த நேரத்தில் நான் தண்ணீர்க் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருப்பேன்.

ஆலைக் காற்றோடு நான் ஊதிய தூசி குழாய்க்குள் கிளம்பி, மெல்ல மெல்லப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. பெட்டி அதைப் புகை என்று நினைத்திருக்கிறது. கலியபெருமாளோ அறைக்குள்ளேயே இல்லை, கதவுக்கு வெளியே மேனேஜர் பக்கத்தில் நிற்கிறார்.

மேனேஜர் உள்ளே வந்து என்ன காரணம் என்று கேட்டார். மூக்கு சார் என்னைப் பார்த்தார். "இவரு சொல்லுவாரு சார். இவருக்குத்தான் நல்லாத் தெரியும்."

ஒன்று விடாமல் சொன்னேன். நான் எழுதிக் கொடுத்தது தப்பு என்பதையும் சொன்னேன். மேனேஜர் என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தபோது மூக்கு சார் நடுவில் வந்தார். சுத்தமாக வைத்துக்கொள்ள நினைத்தது நல்லதுதான், மெஷினை நிறுத்தி, குழாயைக் கழற்றி, வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும், அவ்வளவுதான் என்று சாதாரணமாகச் சொன்னார். மேனேஜர் தணிந்தார். நான் எழுதிக் கொடுத்த காகிதத்தைக் கிழித்துப் போட்டார்.

கலியபெருமாளிடம் போய் நின்றேன். "வுடுங்க சார், போவுது" என்று அவர் ஏ.சி. கழுவும் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூக்கு சார் வேலை முடிந்த தாளை எழுதிக் கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினார். அதில் என் பேர் எந்த வரியில் இருக்கிறது என்று பயந்துகொண்டே தேடினேன். காரணம் என்ற இடத்தில் 'தூசி' என்று மட்டும் எழுதியிருந்தார். யார் ஊதியது என்று எழுதவும் தாராளமாக இடம் இருந்தது. அந்த இடத்தை வெறுமனே விட்டிருந்த மனுஷர்மேல் அன்றைக்கு எனக்கு வந்த பிரியம் இன்னும் குறையவில்லை.