சம்பந்தி கேட்ட பேனா

மிகுந்த மரியாதைக்குரிய சம்பந்தி செல்வநாயகம் அவர்களுக்கு,

தெஹியோவிட்டயிலிருந்து ரெஜினோல்ட் எழுதிக்கொள்வது. என் வலது கையில் இரண்டு விரல்களைத் தவிர இங்கே எல்லாரும் ஆண்டவர் கிருபையால் சுகம். ஓப்பநாயக்கவில் நீங்களும் சம்பந்தியம்மா மரியம்மாவும் மாப்பிள்ளை ரொபர்ட்டும் குறைவில்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் நான் போனை எடுத்தால் என் சம்சாரம் ஜெயம்மா பக்கத்தில் வந்து நின்று சொல்வதையெல்லாம் திருத்துகிறாள். அதனால்தான் கடிதம். இதை மரியம்மா கண்ணில் படாமல் வாசிக்கவும்.

நிச்சயதார்த்தத்தன்று நீங்கள், "சீதனம் கீதனம் ஒண்ணும் வேணாங்க. கோயில்ல புள்ளைங்க கையெழுத்துப் போட உங்க கையால ஒரு பேனா கடைஞ்சு குடுங்க, அது போதும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னீர்கள். ரப்பர் பேக்டரியில் இரும்பு ரோலர் கடைகிற பிட்டர் நான், பேனா எம்மாத்திரம் என்று எல்லார் முன்னாலும் மார்தட்டினேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். உங்கள் பக்கத்துத் தேயிலை வேரில் ஒரு துண்டு, எங்கள் பக்கத்து ரப்பர் மரத்தில் ஒரு துண்டு, இடையிடையே மெல்லிய தகடு, இப்படி மாற்றி மாற்றி ஒட்டிக் கடைந்து தருகிறேன் என்றும் சொல்லிவைத்தேன். "அப்ப ரெண்டு குடும்பமும் ஒட்டுன மாதிரியே இருக்குமுங்க" என்று மரியம்மா கண்கலங்கினார். அந்தப் பேச்சுத்தான் இப்போது எனக்கு வினையாகிவிட்டது, ஏனென்றால் கட்டை ஒட்டவே மாட்டேன் என்கிறது.

தகட்டுக்கு ஜெயம்மாவின் சோற்றுப் பானை மூடியில், அலுமினிய மூடிதான், ஓரமாகக் கொஞ்சம் வெட்டிக்கொண்டேன். அதற்கு அவள் பேசிய பேச்சை எழுதினால் தபால்காரர் இந்தக் கடிதத்தைத் தொடமாட்டார். பசைக்கு, டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் மஷூர் நானா நல்லதாக ஒன்று தருகிறேன் என்றார். உலகத்துக்கே ரப்பர் கொடுக்கிற எங்களுக்குக் கடைப் பசையா என்று ரோசம் வந்து, ரப்பர் பாலையே தடவி உறையவிட்டேன். உறைந்தது என்னவோ உண்மை. ஆனால் தையல் மெஷின் மோட்டாரைப் பூட்டி நானே வீட்டுக்குப் பின்னால் செய்துவைத்திருக்கும் லேத்தில் மாட்டிச் சுற்றவிட்டால், கட்டை சாரைப் பாம்பு மாதிரி நெளிகிறது, உளியை வைத்தேனோ இல்லையோ, தேயிலைத் துண்டு பிய்த்துக்கொண்டு குசினிக்குள் பறந்துவிட்டது. "என்னங்க, சம்பந்தி வீட்டுத் துண்டு கொழம்புல கெடக்கு!" என்று ஜெயம்மா போட்ட சத்தத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் கூடிவிட்டது.

பிறகு மானத்தை விட்டு மஷூர் நானாவிடமே போனேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு சின்னப் போத்தல் கொடுத்தார். அது ஒட்டியது. மரம், தகடு, என் இரண்டு விரல்கள், எல்லாம் ஒரே கட்டையாக ஒட்டியது. அப்படியே பஸ் ஏறிக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் மிஸ் "மொகத மே?", இதென்ன என்று கேட்க, "மகே துவகே வெடின் எகட்ட பேனக், மிஸ்" என்று, மகள் கல்யாணத்துக்குப் பேனா செய்வதை நான் சிங்களத்தில் விளக்க, சுற்றியிருந்த நோயாளிகளுக்கெல்லாம் பாதி வருத்தம் அங்கேயே சுகமாகிவிட்டது. விரலைக் கழற்றிக்கொண்டு வந்து, வேறு கட்டை ஒட்டி, நன்றாகவே கடைந்து, கடைசியில் சாண்ட் பேப்பரை ரோலருக்குப் பிடிக்கிற பிடி பிடித்தேன். தகடு சூடேறிப் பசை விட்டு மறுபடியும் எல்லாம் பிரிந்தது. போதாக்குறைக்கு அலுமினியத் தூள் வெள்ளை ரப்பர் மரத்தில் கரியாக அப்பிக்கொண்டது. "சூடேறுதுப்பா. லேசா, நிறுத்தி நிறுத்தித் தேயுங்க. இது ரோலர் இல்ல" என்றாள் மகள் மெரினா. கல்யாணப் பெண் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

ஆகவே சம்பந்தி, கல்யாணத்துக்குள் பேனா முடியாது. ஒட்டியது பிரிந்துபோனது என்று மரியம்மா காதில் விழுந்தால், அபசகுனம் என்று கல்யாணத்தையே நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. என் வாய்க்கொழுப்புக்கு என் பிள்ளை அழக்கூடாது. நீங்கள்தான் எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும். முதல் பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குள் எப்படியும் முடித்துத் தருகிறேன்.

பெரியவர்களுக்கு எங்கள் தோத்திரமும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதமும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் சம்பந்தி,
ரெஜினோல்ட்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். தபாலில் போடுமுன், இன்னொரு கட்டை ஒட்டிக் கடைந்து, மெரினா சொன்னபடி லேசாக, நிறுத்தி நிறுத்தித் தேய்த்துப் பார்த்தேன். வந்துவிட்டது சம்பந்தி! கறுத்த தேயிலை, வெள்ளை ரப்பர், நடுவில் மயிரிழையாகத் தகடு. தடவினால் எது எங்கே முடிகிறதென்றே தெரியவில்லை. ரீஃபில் போட்டு எழுதியும் பார்த்தேன். இப்போது சங்கடம் என்னவென்றால், கொடுக்க மனசு வரவில்லை. சட்டைப் பையில் குத்திக்கொண்டு பேக்டரி முழுக்கக் காட்டித் திரிகிறேன். மாப்பிள்ளைக்குக் கடையில் நல்ல பேனா ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று மெரினாவிடம் கேட்டேன். "என்னையே குடுக்குறீங்க, ஒரு பேனாவக் குடுக்க முடியலையாப்பா?" என்றாள். அவளைக் கொடுக்கவும் எனக்கு மனசில்லைதான்; யாரும் கேட்காததால் சொல்லவில்லை. சீக்கிரம் வந்து இரண்டையும் வாங்கிக்கொண்டு போய்விடுங்கள், சம்பந்தி.