சந்தேகத்துக்குரிய முள்ளெலி

எகிப்தியர்கள் பிரமிடு கட்டினார்கள். சீனர்கள் பெருஞ்சுவர் கட்டினார்கள். ப்ரேமன் நகரத்து 'அணில் பொந்து' குழந்தைகள் காப்பகத்தார் ஓர் இலைக் குவியலைச் சுற்றி நாடா கட்டினார்கள். மூன்றில் எது மகத்தானது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவதைச் சொல்லலாம். பிரமிடுக்குள்ளாவது ஒரு பிணம் இருந்தது. இந்தக் குவியலுக்குள் என்ன இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றையும் கண்போலக் காப்பவர்களைத்தான் நாம் நாகரிகமானவர்கள் என்கிறோம்.

குவியலை உண்டாக்கிய பாவம் கேசாவைச் சேரும். கோடையில்தான் அங்கே ஆசிரியையாகச் சேர்ந்தவள். அக்டோபர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் மேப்பிள் மரம் தன் இலைகளைக் கொட்டித் தீர்த்திருந்தது. கேசாவும் பிள்ளைகளும் அவற்றை வாரி வாரி, ஐந்து வயது டில்டாவின் தாடை உயரத்துக்குக் குவித்துவிட்டார்கள். பக்கத்தில், ஏறிக் குதிப்பதற்கென்றே பிறந்ததுபோல ஓர் அடிமரத் துண்டு வேறு கிடந்தது.

"இப்பவே குதிக்கட்டுமா?" என்றாள் டில்டா.

"இன்னைக்கு வேணாம். 'இலையை ஐம்புலன்களால் அறிதல்' பாடம் நாளைக்குத்தான் ஆரம்பிக்குது. நாளைக்குக் குதி."

"போன வருசமும் இப்பிடித்தான். அம்மை போட்டுச்சு, குதிக்கவே இல்ல. சனிக்கிழமை நாங்க ஊரை விட்டே போறோம் தெரியுமா? அம்மாவுக்கு ஒரு தீவுல ஓட்டல் வேலை. அங்க வெறும் பனைமரந்தானாம். இலையே கொட்டாதாம்."

"அதான் நாளைக்குன்னு சொல்றேன்ல."

"கை குடு."

கேசா கை கொடுத்தாள். அந்த ஊரில் கை கொடுத்துவிட்டால் அது பத்திரப் பதிவுக்குச் சமம். ஐந்து வயதுக்காரர்களிடம் கொடுத்தால் அதற்கும் மேலே.

செவ்வாய்க்கிழமை காலை, மகனை விட வந்த ப்ரூகமன் குவியல் அருகே சிலையாக நின்றுவிட்டார். அவர் பெற்றோர் குழுத் தலைவர். இயற்கையை உயிருக்குயிராக நேசிப்பவர். அதை வாரம் முழுக்க யாரிடமாவது சொல்லிக்கொண்டும் இருப்பவர்.

"உஷ்! உள்ள ஏதோ இருக்கு."

"காத்துங்க," என்றாள் கேசா.

"காத்துக்கு மூக்கு உறிஞ்சத் தெரியுமா? நல்லாக் கேளுங்க. முள்ளெலி! குளிர்காலத் தூக்கத்துக்கு வந்திருக்கு!"

அவர் முதுகுக்குப் பின்னால் அவருடைய மகன் சளி பிடித்த மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். கேசா அவனைப் பார்த்தாள். அவன் மறுபடி உறிஞ்சினான். "பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று ப்ரூகமன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பத்து நிமிடத்துக்குள் குவியலைச் சுற்றிச் சிவப்பு வெள்ளைத் தடுப்பு நாடா ஓடியது.

அன்று மாலையே அவசரக் கூட்டம். காப்பகத்து வழக்கப்படி பெற்றோர் எல்லோரும் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில், முழங்கால் காதை உரச, மிகுந்த கண்ணியத்தோடு அமர்ந்தார்கள். தலைமை வகித்தவர் நிர்வாகி ஓஸ்டர்லோ அம்மையார். 'குழந்தையே மையம்' என்ற வாசகத்தை எழுதிச் சட்டம் போட்டு மாட்டியவர் அவர். மாட்டியது பெரியவர்களின் கண் உயரத்தில்.

"மெதுவாக் கையை விட்டுப் பாத்துடலாமே?" என்றாள் கேசா.

கூடம் அதிர்ந்தது. யாரோ ஒரு தாய் "அடக் கடவுளே" என்றாள்.

"பாத்தா அது முழிச்சுக்கும், கேசா. பாதித் தூக்கத்துல முழிச்சா குளிர்ல செத்துடும்," என்றார் ப்ரூகமன், நோயாளியிடம் பேசுகிற டாக்டர் குரலில்.

"ஒருவேளை இல்லேன்னா?"

"எது இல்லேன்னா?"

"முள்ளெலியே இல்லேன்னா?"

"அது தெரியணும்னா பாக்கணும். பாக்கக் கூடாதுன்னு இப்பத்தானே முடிவு பண்ணோம்?"

இந்த வாதத்தை மறுக்க அந்த நகரத்தில் ஆள் இல்லை. இயற்கைப் பாதுகாப்புத் துறைக்குத் தகவல் போனது; அதிகாரி வெள்ளிக்கிழமை பிற்பகல் வருவதாகப் பதில் வந்தது. அதுவரை முள்ளெலி 'இருப்பதாகவே கருதப்படும்'.

"அப்ப பிள்ளைங்க குதிக்கிறது?" என்று கேசா விடாமல் கேட்டாள். "டில்டாவுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன். வெள்ளிக்கிழமையோட அவ போயிடுவா."

ஓஸ்டர்லோ அம்மையார் கனிவாகச் சிரித்தார். "பிள்ளைகளுக்கு மாற்று ஏற்பாடு பண்ணிடலாம். அதுக்குத்தானே நாம இருக்கோம்?"

மாற்று ஏற்பாடு புதன்கிழமை வந்தது. ஒரு தட்டில் பழுப்புக் காகிதத் துண்டுகள். அசல் இலையில் ஈரம், மண், பூச்சி எல்லாம் இருக்குமாம். காகிதத்தில் அந்த ஆபத்து இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் வரிசையில் வந்து ஒரு விரலால் தொட்டு 'இலைக் குவியல் அனுபவம்' பெற்றது. விரல் தொட்ட கணத்தைப் படம் பிடித்துப் பெற்றோருக்கு அனுப்பினார்கள்.

"எப்பிடி இருக்கு, டில்டா?" என்றார் அம்மையார்.

"இதுல குதிச்சா முட்டி பேந்துடும்," என்றாள் டில்டா.

மரத்திலிருந்து உதிர்ந்த காட்டுக் கொட்டைகளில் குச்சி செருகிப் பொம்மை செய்வது அந்த நாட்டில் குழந்தைகளின் பிறப்புரிமை. அது வியாழக்கிழமை நடந்தது. குச்சி கண்ணைக் குத்தலாம் என்று குச்சியை எடுத்துவிட்டார்கள். கொட்டை தொண்டையில் சிக்கலாம் என்று கொட்டையையும் எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த பசையை வைத்துப் பிள்ளைகள் காகித முள்ளெலி ஒட்டினார்கள். டில்டாவின் முள்ளெலிக்கு முதுகு மொழுமொழு என்று இருந்தது, முள்ளெல்லாம் வயிற்றில்.

"ஏன்டி இப்பிடி?" என்று கேட்டாள் கேசா.

"யாராச்சும் தூக்க வந்தா, அடியில கை விட்டுத்தானே தூக்குவாங்க?"

கேசா அதை அப்படியே சுவரில் மாட்டினாள். மறுநாள் காலை வந்து பார்த்தால், 'என் சொந்தக் கைவண்ணம்' என்ற கண்காட்சிச் சுவரில் பதினாறு முள்ளெலிகளும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி தொங்கின. டில்டாவுடையதிலும் முள் முதுகுக்கு ஏறியிருந்தது. அம்மையார் பள்ளி முடிந்ததும் தனியாக உட்கார்ந்து, பொறுமையாக எல்லாவற்றையும் 'மேம்படுத்தி' இருந்தார். ஓவர்டைம் கூடக் கேட்காத தியாகம்.

"நீ கை குடுத்தே," என்றாள் டில்டா. அழவில்லை. அழுதிருந்தால் கேசாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், அதிகாரி வரும் நேரம். பெரியவர்கள் அத்தனை பேரும் கண்காட்சிச் சுவரின் முன்னால் பூசணி சூப்புக் கிண்ணத்தோடு நின்றார்கள். பிள்ளைகள் மழைக்கால உடையை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகத் தயாராகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். கேசா எண்ணிப் பார்த்தாள். ஒன்று குறைந்தது. தோட்டத்துப் பக்கம் சன்னல் வழியே பார்த்தாள்.

மஞ்சள் ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் உருவம் நாடாவுக்கு அடியில் நுழைந்து, அடிமரத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு நல்ல ஆசிரியை என்ன செய்வாளோ அதையே கேசா செய்தாள். சன்னலுக்கு முதுகைக் காட்டி, அதை முழுசாக மறைத்துக்கொண்டு நின்றாள். ஓரக்கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டாள். பிறகு ப்ரூகமனிடம், "முள்ளெலி ஏன் பால் குடிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே, அதை எல்லாருக்கும் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்களேன்," என்றாள்.

ப்ரூகமன் சூப்பைக் கீழே வைத்தார். முள்ளெலியின் குடலில் தொடங்கினார். வெளியே 'தொப்' என்றது. ஈரலுக்கு வந்தார். 'தொப்'. ஜீரணம், செரிமானக் கோளாறு, மனித குலத்தின் அறியாமை. 'தொப்', 'தொப்'. கேசா தன் வாழ்நாளில் இவ்வளவு ரசித்து ஒரு சொற்பொழிவைக் கேட்டதில்லை.

அப்போது தோட்டத்து வாசல் வழியே அதிகாரி டாமன் அம்மாள் வந்துவிட்டார். எல்லோரும் வெளியே ஓடினார்கள். நாடாவின் முன்னால் மூச்சடக்கி நின்றார்கள். குவியல் அசைந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல், நன்றாகவே அசைந்தது.

"இருக்கு!" என்றார் ப்ரூகமன். கண் கலங்கிவிட்டது. "நான் சொன்னேனா இல்லையா?"

"கொஞ்சம் பெருசா இருக்கே," என்றார் அதிகாரி.

குவியலின் ஓரத்தில் மஞ்சள் பூட்ஸ் ஒன்று எட்டிப் பார்த்தது. ஓஸ்டர்லோ அம்மையாரின் முகம் சூப்பின் நிறத்துக்கு மாறியது.

"டில்டா! உடனே வெளிய வா!"

"டில்டா இங்க இல்ல," என்றது குவியல். "நான் முள்ளெலி. தூங்கிட்டு இருக்கேன்."

"விளையாடாதே! முள்ளெலி பேசுமா?"

"நீங்க எழுப்பிட்டீங்கல்ல, அதான் பேசுறேன். எழுப்பக் கூடாதுன்னு தெரியாதா?"

அம்மையார் கேசா பக்கம் திரும்பினார். "நின்னுட்டு என்ன பாக்கிறே? போய்த் தூக்கிட்டு வா!"

கேசா கையைக் கட்டிக்கொண்டாள். "முடியாதுங்க. உள்ள இருக்கிறது எதுன்னு தெரியணும்னா கையை விட்டுப் பாக்கணும். பாக்கக் கூடாதுன்னு செவ்வாய்க்கிழமை எல்லாரும் சேந்து முடிவு பண்ணியிருக்கோம்."

ப்ரூகமன் வாயைத் திறந்தார். தன் வாதம் தன்னையே பார்த்துப் பல்லிளிப்பதைக் கண்டு மூடிக்கொண்டார்.

"நீங்களே சொல்லுங்க மேடம்," என்று அம்மையார் அதிகாரியிடம் முறையிட்டார். "இது குழந்தைதானே?"

டாமன் அம்மாள் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டு யோசித்தார். "குழந்தைன்னா அது எங்க துறை இல்லீங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது. முள்ளெலின்னா என் பொறுப்பு. யாரும் கிட்ட போகக் கூடாது, தொடக் கூடாது, சத்தம் போடக் கூடாது. இடத்தைக் கலைச்சா அபராதம் பெருசு. எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

குவியலுக்குள் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"அது முள்ளெலிதான்," என்றாள் கேசா.

"முள்ளெலிதான்!" என்று வாசலில் கூடியிருந்த பிள்ளைகள் கத்தினார்கள். பெற்றோர் குழுத் தலைவரின் மகனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதற்குச் சாட்சி சொன்னான்.

ப்ரூகமன் நேர்மையானவர். நான்கு நாளாக முள்ளெலி என்று சாதித்துவிட்டு, துறை அதிகாரி முன்னால் இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "முள்ளெலிதான்," என்று முனகினார். எல்லோரும் நுனிக்காலில் பின்வாங்கினார்கள். அம்மையார் தன் கையாலேயே தளர்ந்த நாடாவை இறுக்கிக் கட்டினார்.

அதன் பிறகு நீண்ட நேரம் குவியலுக்குள்ளிருந்து சரசரப்பும், உருளுகிற சத்தமும், அடக்க முடியாத சிரிப்பும் வந்துகொண்டிருந்தன. யாரும் விரலால் தொடச் சொல்லவில்லை. யாரும் படம் எடுக்கவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. எதையும் திருத்தி ஒட்டவில்லை. 'குழந்தையே மையம்' என்று சுவரில் எழுதி வைத்திருந்த அந்தக் காப்பகத்தில் ஒரு குழந்தையைச் சும்மா விட்டது அன்றைக்குத்தான். அதுவும், அது குழந்தை இல்லை என்று எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட பிறகு.