சடையப்பக் கரடி சூடாக்கிய சீர்ப் பாத்திரம்

ஒரு காட்டில் சடையப்பன் என்று ஒரு கரடி இருந்தது. எந்தக் காடு என்று கேட்டுவிடாதீர்கள். கதை சொல்கிற ஆள் பக்கத்துத் தெருவுக்கே வழி கேட்டுப் போகிறவன். கரடிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிவிட்டதால் இனி ‘அது’ வேண்டாம், ‘அவர்’ என்றே சொல்லுவோம். வீட்டில்தான் மரியாதை இல்லை, கதையிலாவது இருக்கட்டும்.

சடையப்பனுக்கு வாய் ஓயாது. கைக்கு மட்டும் எப்போதும் ஓய்வு. புளுகுகிறவனைப் பார்த்து மனுஷர்கள் ‘கரடி விடுகிறான்’ என்கிறார்களே, அது எதனால் என்று காட்டில் பலருக்குச் சந்தேகம் உண்டு. சடையப்பனோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். அவருக்கும் இது தெரியும். “நான் பேசினா எனக்கே நம்பிக்கை வராதுங்க” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் மனைவி தேனம்மை ஆச்சி, பதினோரு வருஷமும் விறகடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்தவர். ஒரு நாள் காய்ச்சலில் படுத்துக்கொண்டு, “கொஞ்சம் கஞ்சி சூடா வச்சுக் குடுங்களேன்” என்று கேட்டார். சடையப்பன் கஞ்சியின் மகிமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கஞ்சி வரவேயில்லை. காய்ச்சல் விட்டதும் ஆச்சி மூட்டையைக் கட்டிவிட்டார்.

“நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன். உங்க கையால ஒரு வேளை சோறு சூடா ஆக்கி வச்சுட்டுச் சொல்லி விடுங்க, வர்றேன். இல்லைன்னா அங்கேயே இருந்துக்கிறேன்.”

ஆச்சி ஒப்புக்குப் பேசுகிறவர் இல்லை. நாலே நாளில் குகை வெறிச்சென்று ஆகிவிட்டது. பேச வாய் இருந்தது, கேட்க ஆளில்லை. தேனம்மை இல்லாமல் இனி இப்படியே காலம் தள்ள வேண்டுமோ என்று நினைத்தபோது சடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐந்தாம் நாள், காட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் மைக்ரோவேவ் அடுப்பு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வரிசையில் போய் நின்றார். ஜன்னலில் உட்கார்ந்திருந்தது ஆமை. வரிசை எந்த வேகத்தில் நகர்ந்திருக்கும் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். படிவத்தில் ‘வீட்டில் சமைப்பவர் பெயர்’ என்று ஒரு கட்டம். பழக்கதோஷத்தில் ‘தேனம்மை’ என்று எழுதிவிட்டு, அதை அடித்து ‘சடையப்பன்’ என்று எழுதினார்.

ஆமை கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தது. “அடிச்சுத் திருத்தினா செல்லாது. புதுப் படிவம் வாங்கிட்டு வரிசையில கடைசிக்குப் போங்க.”

போனார். பெட்டி வீட்டுக்கு வர மூன்று வாரம் ஆயிற்று.

பெட்டிக்குள் ஒரு கையேடும் இருந்தது. அடுப்பைத் தொடுவதற்கு முன்னால் சடையப்பன் அதை வரி விடாமல் மனப்பாடம் செய்துவிட்டார். அப்புறம் என்ன, பக்கத்து வளையில் குடியிருந்த முயல் வள்ளிக்கண்ணு வசமாக மாட்டிக்கொண்டார்.

“இதுல நெருப்பே கிடையாது வள்ளிக்கண்ணு. கண்ணுக்குத் தெரியாத ஒரு அலை. சாப்பாட்டுக்குள்ள தண்ணி இருக்குல்ல, அந்தத் தண்ணியோட துகளையெல்லாம் அது இப்படியும் அப்படியும் திருப்பிக்கிட்டே இருக்கும். தேர் அன்னைக்கு ஆளை ஆள் இடிச்சுப் புழுங்கிப் போவோமே, அந்த மாதிரி ஒண்ணோட ஒண்ணு முட்டிச் சூடாகும். முதல்ல பாத்திரம் காஞ்சு, அப்புறம் சோறு காயுற சுத்து வேலையெல்லாம் இல்லை. அதான் இவ்வளவு சீக்கிரம்.”

“அந்தத் தட்டு ஏண்ணே சுத்துது?”

“அலை எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி விழாது. சுத்துனாத்தான் எல்லாப் பக்கமும் படும். அப்பவும் நடுவுல ஆறியே கிடக்கும், பாதியில எடுத்துக் கிளறி விடணும். முக்கியமா ஒண்ணு கேட்டுக்க. உலோகப் பாத்திரம் உள்ள போகவே கூடாது. பொறி பறக்கும்!”

வள்ளிக்கண்ணு பேச்சில் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு மீதி நேரத்தில் வேலையைப் பார்த்தார். அப்பளத்தை ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் ஒரே நிமிஷத்தில் சுட்டு எடுத்தார். பீன்ஸில் ரெண்டு கரண்டி தண்ணீர் தெளித்து மூடி வைத்தார், பச்சை மாறாமல் வெந்தது. காலையில் மிஞ்சிய இட்லி மேல் ஈரத்துணியைப் போட்டுச் சூடாக்கினார், அப்போதுதான் அவித்த மாதிரி வந்தது. புகை இல்லை, கண்ணெரிச்சல் இல்லை, கரி தேய்க்கிற வேலையும் இல்லை. பக்கத்தில் கை கட்டி நின்ற சடையப்பன், நாம் எவ்வளவு அருமையாகச் சமைக்கிறோம் என்று பூரித்துப்போனார். இவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் வீட்டிலும் அந்த அடுப்பு இருக்கிறது, நானும் கை கட்டித்தான் நிற்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வரச் சொல்லி ஆச்சிக்குச் சொல்லி விட்டார் சடையப்பன். அன்றைக்கு வள்ளிக்கண்ணுவை ஒரு சாமானையும் தொடவிடவில்லை. தினையையும் பாசிப்பருப்பையும் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டார், தண்ணீரை அளந்து ஊற்றினார், பாதியில் எடுத்துக் கிளறினார், கடைசியில் தேன் விட்டார். பொங்கல் நிஜமாகவே வெந்திருந்தது! இதுவும் நாம் விடுகிற கரடிதானோ என்று ஒரு வாய் போட்டுப் பார்த்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

“அண்ணே, கிண்ணத்தோடயே இருக்கட்டும். ஆறினா ஒரு நிமிஷம் திருப்பி வச்சுக்கலாம்” என்றார் வள்ளிக்கண்ணு.

கேட்டாரா மனுஷன்? கேட்டாரா கரடி என்று திருத்திக்கொள்ளுங்கள். நாலு வாரம் கழித்துப் பெண்டாட்டி வீடு திரும்புகிறாள், கண்ணாடிக் கிண்ணத்திலா சோறு போடுவது என்று தோன்றிவிட்டது அவருக்கு. பரணில் ஆச்சியின் சீர்ப் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் மாமியார் கொடுத்தவை. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ‘பெரியநாயகி’ என்று மாமியார் பேர் வெட்டியிருக்கும், கரண்டியைக்கூட விட்டுவைக்கவில்லை. வரும்போதெல்லாம் “என் பேர் வெட்டின சாமானெல்லாம் பத்திரமா இருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் அந்த அம்மாள் தண்ணீரே குடிப்பார். அதில் ஒரு எவர்சில்வர் சட்டியை இறக்கி, துடைத்து, பொங்கலை மாற்றினார் சடையப்பன்.

ஆச்சி வரத் தாமதமாயிற்று. பொங்கல் ஆறிப்போயிற்று. தூரத்தில் ஆச்சியின் தலை தெரிந்ததும் சடையப்பனுக்குக் கை கால் ஓடவில்லை. சட்டியைத் தூக்கி அப்படியே அடுப்புக்குள் வைத்தார்.

“அண்ணே! உலோகம் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“உலோகம்னா இரும்பு, செம்பு, பித்தளை. கையேட்டுல எவர்சில்வர்னு எங்கேயாவது போட்டிருக்கா? அதுவும் இது சீர்ப் பாத்திரம்!”

பொத்தானை அழுத்தினார். பட் பட் என்று நீலப் பொறி பறந்தது. கருகல் நாற்றம் அடித்தது. வள்ளிக்கண்ணு பாய்ந்துபோய் சுவிட்சை அணைத்தார். திரும்பிப் பார்த்தால், வாசலில் மூட்டையோடு தேனம்மை ஆச்சி.

சடையப்பன் வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை. பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

“பொங்கல் நல்லாத்தான் வந்துச்சு தேனு” என்றார் கடைசியில், கண் கலங்க. “நான்தான் மேதாவித்தனம் பண்ணி ஆற வச்சுட்டேன். உங்க ஆத்தா பாத்திரத்தையும் கெடுத்துட்டேன். நீ திரும்பிப் போறதுன்னா போ. என் மேலதான் தப்பு.”

ஆச்சி உள்ளே வந்தார். துணியால் பிடித்துச் சட்டியை வெளியே எடுத்தார். பேர் வெட்டிய இடத்தில் பொறி பட்டுக் கரியாகியிருந்தது. ‘பெரியநாயகி’யில் கடைசி இரண்டு எழுத்தைக் காணோம். ஆச்சி மிச்சத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“பெரிய... நா.”

இன்னொரு தடவை படித்தார். தோள் குலுங்கியது. போச்சு, அழுகிறாள் என்று சடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். ஆச்சி சிரித்துக்கொண்டிருந்தார், மூச்சு முட்டுகிற அளவுக்கு.

“நாலு வாரங்க! விடிஞ்சதுல இருந்து எங்க ஆத்தாவுக்கு ஓயாத பேச்சு. நீங்களாவது நடுவுல தூங்குவீங்க. எப்படா சொல்லி விடுவீங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். இந்தப் பேரைத்தான் முதல்லயே வெட்டியிருக்கணும்!”

மூட்டையை மூலையில் போட்டுவிட்டு, ஆறின பொங்கலை அந்தச் சட்டியிலேயே சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டு முடித்தார்.

“சூடா இல்லையே தேனு” என்றார் சடையப்பன் பயந்துகொண்டே.

“அதனால என்னங்க?” கையைக் கழுவிக்கொண்டே ஆச்சி பரணை நிமிர்ந்து பார்த்தார். “மேல இன்னும் பதினாறு சாமான் இருக்கு. ஒவ்வொண்ணா இறக்குங்க.”

நீதி: கையேட்டில் ‘செய்யக் கூடாதவை’ என்ற பக்கத்தை ஊன்றிப் படியுங்கள்; மாமியார் பேரைத் திருத்துகிற வழி அங்கேதான் இருக்கும்.